நாற்பது கிலோ வித்தியாசம்

6 ஏப்ரல், ஞாயிறு

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்து ஆறு நாள். ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. படிக்க ஒன்றுமில்லை. நூலகத்தில் எடுத்த மூன்று புத்தகங்களையும் முடித்தாயிற்று. வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறேன்.

இன்று இட்லி தட்டை வைத்துவிட்டு அம்மா சொன்னாள், திருப்பதியில் ஹாஸ்டலோடு இருக்கிற ஜூனியர் காலேஜில் என்னைச் சேர்க்கப்போகிறார்களாம். சித்தூரில் நன்றாக மார்க் வாங்குகிற பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் போகிறார்கள். அதனால் அது எனக்கு அதிர்ச்சி இல்லை (பொய்). அதற்கடுத்து அவள் சொன்னதுதான் விசித்திரம்.

"ஞாயித்துக்கெழமன்னா ஒன்ன வந்து பாக்கணும். பஸ்ஸுல மலைக்குப் போற கூட்டத்துல நின்னுகினே போவணும். ஸ்கூட்டி எழுவது கிலோமீட்டர் தாங்காது. அதான் பெரிய வண்டி ஒண்ணு வாங்கலாம்னு பாக்கறேன்."

பெரிய வண்டி என்றால் காரா என்று கேட்டேன். "இல்லடி. பைக்கு. லாங் போறதுக்குன்னே செய்வாங்களே, அது. பழசா பாத்துக்கலாம்."

அம்மாவுக்கு நாற்பத்திரண்டு வயது, ஐந்தடி உயரம். பங்காருபாளையம் மண்டல ஆபீஸில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். தினமும் மாங்காய் லாரிகளுக்கு நடுவில் ஸ்கூட்டியில் போய் வருகிறவள். நைனாவுக்குப் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) போன் போட்டுச் சொன்னாள். நைனா சத்தியவேடு பக்கம் ஃபேக்டரியில் வேலை, பதினைந்து நாளுக்கு ஒரு தடவைதான் வருவார். ஸ்பீக்கரில் ஒரே சிரிப்பு. "இன்னா அம்சா, போலீஸ்ல சேரப்போறியா?"

அம்மா சிரிக்கவில்லை. "பொண்ணப் பாக்கத்தான்" என்றாள். அந்தப் பக்கம் சிரிப்பு நின்றுவிட்டது.

8 ஏப்ரல், செவ்வாய்

செங்கல்வராயன் மாமா வந்திருந்தார். அம்மாவின் ஊரான நகரிக்காரர், இங்கே மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறார். இரண்டு வண்டி பார்த்திருக்கிறாராம். ஒன்று தண்டர்பேர்ட் 350. கிரீம்ஸ்பேட்டையில் நாகபூஷணம் என்கிற ரிடையர்ட் சாருடையது. இன்னொன்று அவெஞ்சர் 220. திருப்பதியில் கிஷோர் என்று ஒரு பேங்க்காரர், விசாகப்பட்டினத்துக்கு மாற்றலாகிப் போகிறார், அவருடையது. இரண்டுக்கும் எட்டு, ஒன்பது வருடம் ஆகியிருக்கிறது. விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

"ரெண்டும் சோடை போவாத வண்டி, தங்கச்சி. எதுன்னு நீதான் முடிவு பண்ணணும்."

அம்மா என்னைக் கைகாட்டினாள். "தேவசேனாதான் படிக்கிறவ. அவ படிச்சிட்டுச் சொல்லட்டும், அதான் முடிவு."

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். "சைக்கிள்லயே கீழ வுழற பொண்ணுகிட்டயா?"

எனக்குப் பெருமையாக இருந்தது. புது நோட்டு ஒன்றை எடுத்துக் கோடு போட்டேன்.

10 ஏப்ரல், வியாழன்

நான்கு பக்கம் எழுதிவிட்டேன். தண்டர்பேர்டின் டேங்க் இருபது லிட்டர், அவெஞ்சருடையது அதைவிடச் சிறியது. தண்டர்பேர்ட் நெடுஞ்சாலையில் லாரி காற்றுக்கு அசையாது என்று ஓட்டியவர்கள் எழுதுகிறார்கள். அவெஞ்சரின் இருக்கை நான்கு சென்டிமீட்டர் தாழ்வு. நான்கு சென்டிமீட்டர்தானே என்று நினைத்து, அம்மாவை நிற்கவைத்து டெய்லர் டேப்பால் அளந்தேன். அந்த நான்கில்தான் எல்லாம் இருக்கிறது. அவெஞ்சரில் பாதம் முழுதாகத் தரையில் படும். மற்றதில் விரல்நுனிதான்.

எடையில் ஏறக்குறைய நாற்பது கிலோ வித்தியாசம். என் எடை முப்பத்தொன்பது. அதாவது, அவெஞ்சர் மேல் நான் ஏறி உட்கார்ந்தால் தண்டர்பேர்ட். இதை எழுதிவிட்டு நானே சிரித்தேன்.

12 ஏப்ரல், சனி

நைனா வந்திருக்கிறார். சமையலறையில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒட்டுக்கேட்கவில்லை, தண்ணீர் எடுக்கப் போனேன்.

"வண்டி அமையலன்னா இன்னா பண்ணுவே?"

"அமையலன்னா பாப்பாவ இங்கயே கவர்மெண்ட் காலேஜ்ல சேத்துட வேண்டியதுதான். மாசத்துக்கு ஒருவாட்டி பாக்கறதெல்லாம் என்னால ஆவாது."

சொம்பை வைத்துவிட்டு வந்துவிட்டேன். வண்டி வந்தால் நான் போகவேண்டும். வண்டி வராவிட்டால் நான் இங்கேயே இருப்பேன், என் ஜன்னல், என் அலமாரி, அம்மாவின் பக்கத்தில் என் பாய். எந்த வண்டி என்று சொல்ல வேண்டியவளோ நான்.

13 ஏப்ரல், ஞாயிறு

திருப்பதி போனோம், அம்மா, மாமா, நான். கிஷோரின் வீடு பைராகிபட்டெடவில் ஒரு சந்துக்குள். அவெஞ்சர் கருப்பு நிறம். அம்மா சுடிதாரில் வந்திருந்தாள், புடவையில்லாமல் அவளை வெளியே பார்த்து எவ்வளவு நாளாயிற்று!

"ஒரு ரவுண்டு போய்ட்டு வரேன்" என்று போனாள். ஒரு ரவுண்டு என்றால் இரண்டு நிமிடம். ஐந்து நிமிடம் ஆயிற்று. எட்டு. கிஷோர் வாசலுக்கும் தெருவுக்குமாக நடந்தார். "மேடம் எக்கடிக்கி வெள்ளாரண்ணா?" அம்மா எங்கே போனாள் என்று மாமாவைக் கேட்டார். மாமா பீடியை அணைத்தார். "வண்டியோட ஓடிப்போற ஆளு இல்ல சார். ஆனா இன்னிக்கு சொல்றதுக்கில்ல."

பதினொரு நிமிடம். திரும்பி வந்தபோது அம்மாவின் முடி எல்லாம் கலைந்திருந்தது, வாய் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "பிரேக்கு நல்லாகீது" என்று மட்டும் சொன்னாள்.

இந்த முகத்தை எங்கே வைத்திருந்தாள் இத்தனை நாள்?

16 ஏப்ரல், புதன்

முடிவு எழுதிக் கொடுத்துவிட்டேன். இரண்டு பக்கம். தண்டர்பேர்ட்.

எழுதியதெல்லாம் உண்மை. பெரிய டேங்க், லாரிக் காற்று, சாமான் கட்ட இடம். எடை பற்றிய வரியையும் பாதம் பற்றிய வரியையும் எழுதவில்லை. எழுதாமல் விட்டது பொய்யா? பரீட்சையில் பதில் விட்டால் மார்க்தான் போகும், யாரும் பொய் என்று சொல்வதில்லை.

அம்மா இரண்டு தடவை படித்தாள். "அந்தக் கருப்பு வண்டி..." என்றாள். பிறகு, "சரி, நீ நல்லா பாத்துத்தான் எழுதியிருப்பே."

முதல் நோட்டை அலமாரிக்குள் வைத்துவிட்டேன்.

20 ஏப்ரல், ஞாயிறு

நடந்துவிட்டது.

நாகபூஷணம் சார் வீட்டு வாசலில் சிறிய சரிவு. அவர் வண்டியைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார், அம்மாவுக்குக் காபி கொடுத்தார், வண்டியில் கேதார்நாத் வரைக்கும் போன கதை சொன்னார், ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டினார். நல்ல மனிதர், நல்ல வண்டி. அம்மா ஏறி, ஸ்டாண்டை எடுத்தாள். இடது காலை ஊன்றினாள் — விரல்நுனி. வண்டி மெதுவாகத்தான் சாய்ந்தது. அவ்வளவு மெதுவாக. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அம்மா வலுவெல்லாம் போட்டுப் பிடித்தாள், முடியவில்லை. விழுந்த வண்டியை மாமாவும் சாரும் தூக்கினார்கள். எழுந்து சுற்றி வந்து தானும் பிடித்தவள் சூடாக இருந்த சைலன்சரில் காலை இடித்துக்கொண்டாள். முழங்காலுக்குக் கீழே, ஒரு வெற்றிலை அளவுக்குச் சிவந்துவிட்டது.

சார், "பரவாயில்லம்மா, வண்டிக்கு ஒண்ணும் ஆகல" என்றார். அம்மா அவரிடம் நான்கு தடவை மன்னிப்புக் கேட்டாள்.

ஆட்டோவில் வரும்போது சொன்னாள்: "எனக்கு ஆவாது. ஒன் நைனா சிரிச்சது சரிதான். வண்டியே வேணாம்."

21 ஏப்ரல்

அம்மா நொண்டிக்கொண்டே போய் ஸ்கூட்டியை எடுத்து ஆபீஸ் போனாள்.

23 ஏப்ரல், புதன்

ரிசல்ட். அறுநூற்றுக்கு ஐநூற்று எழுபத்தொன்று. நைனா போனில் கத்தினார். பக்கத்து வீட்டுக்கெல்லாம் அம்மா லட்டு கொடுத்தாள். எல்லாம் முடிந்தபின், "இங்கயே சேந்துக்க பாப்பா. திருப்பதி வேணாம்" என்றாள்.

நான் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. லட்டு ஏன் மண் மாதிரி இருக்கிறது?

24 ஏப்ரல்

அம்மா பாடவே இல்லை. முன்பும் பாடமாட்டாள்தான். ஆனால் இப்போது பாடாமல் இருப்பது கேட்கிறது.

26 ஏப்ரல், சனி

சொல்லிவிட்டேன்.

அம்மா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். முதல் நோட்டை, அந்த நான்கு பக்கத்தைத் திறந்து அடுப்பு மேடையில் வைத்தேன். "இதுல இருந்தத நான் ஒனக்கு எழுதிக் குடுக்கலம்மா. தெரிஞ்சேதான்." அம்மா படித்தாள். தோசை தீய்ந்தது. நான் அடுப்பை அணைத்தேன்.

"போவ இஷ்டமில்லன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? வாய் இல்லியா ஒனக்கு? பொஸ்தகம் படிச்சி படிச்சி இதத்தான் கத்துக்கினியா?"

அழுதேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னும் அழுதேன். அம்மா உட்கார்ந்து கால் புண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வேறு குரலில் சொன்னாள்:

"நான் மட்டும் இன்னா யோக்கியம்? ஒன்னப் பாக்க வரணும்னா ரயிலு கூடத்தான் கீது. எனக்கு அந்த வண்டி வேணும்டி. அவ்ளோதான். நகரில எங்க அண்ணனுங்க ஓட்டுவாங்க, நான் தொடைச்சிக் குடுப்பேன். நாப்பத்திரெண்டு வயசுல பொம்பளைக்கு பைக்கு மேல ஆசைன்னா ஊரே சிரிக்கும். பொண்ணப் பாக்கன்னா எவன் சிரிப்பான்?"

அழுகை நின்றுவிட்டது. "அப்ப என்ன ஹாஸ்டலுக்கு அனுப்பறது... வண்டிக்காகவா?"

அம்மா பொய் சொல்லியிருக்கலாம்.

"பாதி" என்றாள்.

வலித்தது. ஆனால், எப்படிச் சொல்வது — இருபது நாளாக இந்த வீட்டில் யாரும் பேசாத உண்மையை அவள் பேசினாள். அதனால் கோபப்பட முடியவில்லை.

"ரெண்டையும் ஒண்ணா முடிச்சி போட்டது நான்தான். அவுத்துடறேன். காலேஜ் எதுன்னு நீ சொல்லு. வண்டி எதுன்னு நான் சொல்றேன்" என்றாள். அப்புறம் கருகிய தோசையைச் சுரண்டிவிட்டு, அடுப்பைப் பற்றவைத்து அடுத்ததை ஊற்றித் தட்டில் போட்டாள். "துன்னு, ஆறிப்போவுது."

27 ஏப்ரல், ஞாயிறு

கிஷோருக்கு அம்மாவே போன் போட்டாள். வண்டி விற்றுப்போயிருக்குமோ என்று இரண்டு பேரும் நகத்தைக் கடித்தோம். விற்கவில்லை. நைனாவிடமும் அம்மாவே சொன்னாள், "எனக்காகத்தான்" என்று. நைனா கொஞ்சம் சிரித்தார். அம்மா அவர் முடிக்கிறவரை காத்திருந்தாள். "சிரிச்சிட்டியா? சரி, ஆர்சி மாத்தறதுக்கு இன்னா இன்னா வேணும்னு கேட்டுச் சொல்லு."

14 மே, புதன்

யாரும் அனுப்பவில்லை என்றதும், போகலாம்போல இருக்கிறது. இது என்ன புத்தி! அரசுக் கல்லூரிக்கும் போய்ப் பார்த்தேன், அங்கேயும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் போன வாரம் பார்த்த திருப்பதி காலேஜ் லேப்பில் ஜன்னலோரம் ஒரு மேஜை இருந்தது. அதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் போகிறேன் என்கிறேன், மறுநாள் இல்லை என்கிறேன். அம்மா வாயே திறப்பதில்லை. திறந்தால் தேவலை.

1 ஜூன், ஞாயிறு

பெட்டியை மாமா தனக்குத் தெரிந்த ஆட்டோக்காரரிடம் ஹாஸ்டலுக்கு அனுப்பிவிட்டார். நானும் அம்மாவும் கருப்பு வண்டியில் திருப்பதிக்கு வந்தோம். பாகாலாவைத் தாண்டியதும் மழை தூறியது. அம்மாவின் இரண்டு பாதங்களும் ஒவ்வொரு சிக்னலிலும் முழுதாகத் தரையில் பட்டன. எண்ணிக்கொண்டே வந்தேன்.

நான் இறங்கியதும் வண்டி கொஞ்சம் மேலே எழும்பியது.

22 ஜூன், ஞாயிறு

பெற்றோர் பார்க்க வருகிற நாள். பத்திலிருந்து ஐந்து மணி வரை. மற்றவர்களின் வீட்டார் பத்து மணிக்கே கேரியர்களோடு வந்துவிட்டார்கள். வராந்தா முழுக்க புளியோதரை வாசனை. நான் புத்தகத்தோடு படியில் உட்கார்ந்திருந்தேன். மதியம் வரை அதே பக்கம்.

நான்கு இருபதுக்கு அந்தச் சத்தம். எனக்குத் தெரியும், வராந்தாவில் இருந்த வேறு யாருக்கும் தெரியாது.

கேரியர் இல்லை. கையில் ஒரு செய்தித்தாள் பொட்டலம், அதில் பலாச்சுளை. கண்ணாடி போட்ட இடம் தவிர முகமெல்லாம் கருத்துப்போய் இருந்தாள். "வழியில லேட்டாயிடுச்சி பாப்பா. ஒரே கூட்டம்."

"ஆமாம்மா, ஞாயித்துக்கெழம."

வீட்டை விட்டுக் கிளம்பும்போது கிலோமீட்டரைச் சைபரில் வைப்பது அம்மாவின் பழக்கம். வண்டியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி எட்டிப் பார்த்தேன். எழுபது வரவேண்டும். நூற்று ஐம்பத்திரண்டு.

நாற்பது நிமிடம் இருந்தாள். சுளையைப் பிட்டுப் பிட்டுத் தந்தாள், மெஸ் சாம்பாரைத் திட்டினாள், கால் தழும்பைக் காட்டினாள், ஆறிவிட்டது. மணி அடித்ததும் ஹெல்மெட்டை எடுத்தாள்.

"அடுத்த வாரம் டெஸ்ட் இருக்குதும்மா. வராதே" என்றேன்.

"ஞாயித்துக்கெழமயிலயா?"

"ஆமா. நாள் பூரா."

என் முகத்தைப் பார்த்தாள். என் கன்னத்தில் ஒட்டியிருந்த பலா நாரை எடுத்துவிட்டாள். "அந்த ஏலகிரின்னு சொல்றாங்களே, அது எவ்ளோ தூரம்னு நோட்டுல எழுதி வை" என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

அடுத்த வாரம் டெஸ்ட் எதுவும் இல்லை. நூலகத்தில் வரைபடப் புத்தகம் எந்த அலமாரியில் என்று நாளைக்குக் கேட்கவேண்டும்.