தயிர்த் தண்ணீர் குடித்த குஞ்சுகள்

மச்சான்,

இன்று என் மகன் கோழிக்குஞ்சுகளின் தண்ணீரில் ஒரு பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டினான். குப்பென்று புளித்த வாடை. கழிச்சல் வராமல் குடலைக் காக்கும் நல்ல கிருமியாம், கடையிலேயே விற்கிறார்களாம். எனக்கு உன் தயிர்ச் சட்டிதான் ஞாபகம் வந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில், பாலக்கோட்டுப் பக்கம் நாம் கூட்டாகப் போட்ட பண்ணையில், முதல் பேட்ச் குஞ்சுகள் மருந்துத் தூள் கொடுத்தும் கழிச்சலில் செத்தன. "இன்னொருக்கா இப்டி ஆச்சுன்னா கொட்டாயப் பிரிச்சிருங்க" என்று உன் தங்கை, அதாவது என் வீட்டுக்காரி, கறாராகச் சொல்லிவிட்டாள். தூள் பற்றவில்லை, கூட்டிப் போடுவோம் என்றேன் நான். நீயோ, "அது நல்ல கிருமியையும் சேத்துக் கொல்லுது மச்சான். தயிர்த்தண்ணி குடுத்துப் பாக்கலாம்" என்றாய். கோழிக்குத் தயிரா! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் கொட்டகையின் நடுவே வலை கட்டினோம். உன் பக்கம் தயிர், என் பக்கம் தூள்.

அதன் பிறகு நாம் வளர்த்தது கோழியையா, சந்தேகத்தையா? நீ சந்தைக்குக் கிளம்பினால் நான் உன் பக்கம் போய்த் தூள் வாடை அடிக்கிறதா என்று தண்ணீர்த் தட்டை முகர்ந்து பார்ப்பேன். நான் சாப்பிடப் போனால் நீ என் பக்கம் வருவாய். தரையில் பரப்பிய கடலைத்தோல் மேல் உன் செருப்புத் தடம் கிடக்கும்.

இரண்டு பக்கமும் குஞ்சுகள் பிழைத்தன. சந்தோஷப்பட வேண்டியதுதானே?

"திருட்டுத்தனமா தூள் போட்டியா?" என்றேன்.

"மாதா மேல சத்தியமா இல்ல. நீதான் தயிர் ஊத்தியிருக்க" என்றாய்.

அப்புறம் கிறிஸ்துமஸுக்கு வந்தால்கூட ஒப்புக்குத்தான் பேசினோம். ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்தபோதும் அதையே கேட்டாய்: "இப்பவாச்சும் சொல்லு, ஊத்துனியா?" ஊற்றவில்லை என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய்.

இந்தப் பாக்கெட்டையும் நம்பாமல் கால்நடை டாக்டரிடம் போனேன். நம் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "அந்தப் பக்கம் தயிரே காப்பாத்தியிருக்கும். எச்சத்த மிதிச்ச செருப்போட ரெண்டு பக்கமும் போனீங்கன்னா அந்த நல்ல கிருமியும் கூடவே உங்க பக்கம் வந்திருக்கும்ங்க."

"என் பக்கந்தான் தூள் இருந்துச்சே, அந்தக் கிருமி செத்திருக்காதா?"

"செத்திருக்கும். நீங்கதான் தெனமும் புதுசு புதுசா கொண்டாந்து விட்டிருக்கீங்களே!"

அவர் பேச்சையும் என்னால் முழுதாக நம்ப முடியவில்லை. என் புத்தி அப்படி. ஆனால் உன் சத்தியத்தை இப்போது நம்புகிறேன், மச்சான். நான் சொன்னதும் உண்மைதான். அதை நம்பாமலே நீ போய்விட்டாயே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.