முடிச்சுப் போடாத மஞ்சள் துணி

மயிலாப்பூர்,
புரட்டாசி 10, வியாழன்.

பங்கஜம் அக்காவுக்கு, கோமளம் அநேக நமஸ்காரம். இங்கு எல்லோரும் க்ஷேமம் என்று எழுதத்தான் கை போகிறது. அடுத்த வியாழக்கிழமைக்கு அப்புறம்தான் அதை எழுத முடியும். அதனால் இந்தத் தடவை எழுதவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களையும் அங்கே இருந்தவர்களையும் வரிசையாக எழுதிவிடுகிறேன். உங்கள் தம்பி. நான். தரமணி ஆபீசுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்த நம் பிள்ளை பரத்வாஜ். பெரிய டாக்டர். கயல் என்ற நர்ஸ் பெண். வாசலில், நமக்கு வழக்கமாக ஆட்டோ ஓட்டும் மெஹபூப் அலி. ஆக ஆறு பேர். புனேயில் இருக்கிற நீங்கள் அந்தக் கணக்கில் இல்லை. ஆனால் ரிசல்ட் வந்தால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று படிவத்தில் கேட்டிருந்த இடத்தில், உங்கள் தம்பி உங்கள் பெயரையும் உங்கள் போன் நம்பரையும் எழுதினார். கட்டின பெண்டாட்டி நான், பக்கத்து நாற்காலியில் அவருடைய கண்ணாடிக் கூட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ப்ராஸ்டேட்டில் பன்னிரண்டு இடத்தில் ஊசி விட்டுச் சதை எடுத்திருக்கிறார்கள். புற்றா இல்லையா என்று அடுத்த வியாழக்கிழமை தெரியுமாம். அவர் தைரியமாகத்தான் இருந்தார். மத்தியானம் மோர் சாதமும் நார்த்தங்காயும் சாப்பிட்டார். சிறுநீரில் இரண்டு நாள் ரத்தம் வரும், பயப்படாதீங்கம்மா என்று கயல் சொல்லி அனுப்பியிருந்தாள். வந்தது. இன்று நின்றுவிட்டது. மாத்திரை கொடுத்த நேரம் எல்லாம் என் நோட்டில் இருக்கிறது.

திரும்பி வரும்போது ஆட்டோவில் கேட்டேன், ஏன் என் நம்பரைக் கொடுக்கவில்லை என்று. "உனக்கு வந்தா நீ மொதல்ல அழுவே. அக்கான்னா மொதல்ல யோசிப்பா" என்றார். மெஹபூப் அலிதான் திரும்பாமலே பேசினார். "அம்மா அழுவட்டுமே சார், இன்னா இப்போ? நானே நாலு மாசமா வாய மூடிக்கினு வண்டி ஓட்டிக்கினு கீறேன். எனுக்கே வயிறு உப்பிப் போச்சு" என்றார்.

அப்படித்தான் அக்கா எனக்குத் தெரிந்தது. வைகாசியில் முதல் ரத்தப் பரிசோதனைக்கு உங்கள் தம்பியை அழைத்துக்கொண்டு போனதே அவர்தானாம். ஆட்டோக்காரருக்கு வைகாசியில் தெரியும். எனக்கு ஆவணி கடைசியில் சொன்னார்கள், அதுவும் நாலுக்குள் இருக்க வேண்டிய பி.எஸ்.ஏ. பன்னிரண்டுக்குப் போய், இனி மறைக்க முடியாது என்று ஆன பிறகு. பள்ளிக்கூடத்தை ஆறாவதோடு நிறுத்தினாலும், பரத்வாஜின் பழைய புத்தகங்களை வைத்துக்கொண்டு நானே இங்கிலீஷ் படித்தவள். அந்த ரிப்போர்ட்டை எழுத்துக் கூட்டி மூன்று தடவை படித்தேன்.

எனக்கு முன்னால் உங்களுக்குச் சொன்னதற்குப் பரத்வாஜ் சமாதானம் சொன்னான். "தாத்தாவுக்கும் இந்த வியாதி இருந்துதான்னு டாக்டர் கேட்டாராம்மா. அத அத்தைகிட்டதானே கேக்க முடியும்?" என்றான். நியாயம்தான். மாமனாரைக் கடைசி வரை பார்த்துக்கொண்டவர் நீங்கள். நான் இந்த அகத்துக்கு வரும்போது அவர் சுவரில் படமாகத்தான் இருந்தார். நியாயம் என்று தெரிந்தும் மனசு ஆறவில்லை.

ஒன்று மட்டும் உங்களிடம் சொல்லிக்கொள்ள வேண்டும். ராத்திரியில் எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டபோது உங்கள் தம்பி இரண்டு என்றார். நான் பையிலிருந்து நோட்டை எடுத்தேன். பால், காஸ் சிலிண்டர் எழுதும் அதே நோட்டின் ஓரத்தில், வைகாசியில் இரண்டு, ஆடியில் மூன்று, ஆவணியில் நாலு என்று தேதியோடு எழுதி வைத்திருந்தேன். ஏன் என்று கேட்டபோதெல்லாம் "தண்ணி ஜாஸ்தி குடிச்சுட்டேன்" என்பார். டாக்டர் பக்கம் பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். "சார், உங்களைவிட மேடத்துக்குத்தான் உங்களைப் பத்தி நல்லாத் தெரியுது" என்றார். இது உங்கள் காதுக்குப் போக வேண்டும் என்று அந்த நிமிஷமே நினைத்துக்கொண்டேன். இப்போது போய்விட்டது.

இனி எழுதப்போவதற்குத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

நேற்றுக் காலை தீர்த்தமாடிவிட்டு, புதுத் துணியை மஞ்சளில் நனைத்து, திருப்பதிப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டு ஒரு ரூபாய்க் காசை முடிந்தேன். அதை வைக்க ஸ்ரீநிவாசர் படத்தை நகர்த்தினேன். பின்னால் ஏற்கெனவே ஒரு முடிச்சு இருந்தது, மஞ்சள் கொஞ்சம் வெளுத்துப்போய். கூடவே உங்கள் கையெழுத்தில் ஒரு துண்டுக் காகிதம். "ராமுவுக்காக. நல்லபடியா வந்ததும் திருப்பதியில சேர்க்கணும்." கீழே ஆனி மாதத் தேதி.

ஆனியில் நீங்கள் வந்து நாலு நாள் தங்கினீர்கள். சமையலறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தீர்கள். உங்கள் முழங்கால் வலி, மருமகளின் வேலை, பேத்தி அனன்யாவின் பரதநாட்டியம் எல்லாம் சொன்னீர்கள். என் பெருமாள் உள்ளில், நான் தினமும் விளக்கேற்றிக் கோலம் போடும் இடத்தில், எனக்குத் தெரியாமல் என் அகத்துக்காரருக்காகக் காசு முடிந்துவிட்டு, வெளியே வந்து "கோமளம், ரசம் ரொம்ப நன்னா இருக்கு" என்றீர்கள்.

அதுவும் ராமு என்று எழுதியிருந்தீர்கள். முப்பத்தெட்டு வருஷமாகிறது, நான் அவர் பெயரை வாய் விட்டுச் சொன்னதில்லை. செவ்வாய்க்கிழமை கயல் "பேஷண்ட் பேர் சொல்லுங்க" என்றபோதுகூடப் பரத்வாஜைப் பார்த்தேன்.

அவர் பிழைத்து எழுந்தால் அது உங்கள் பிரார்த்தனை என்றுதானே ஆகும், என்னுடையது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டதாகிவிடுமே என்று தோன்றியது. இப்படி ஒரு நேரத்தில் இப்படி ஒரு நினைப்பு. அக்கா, நான் உங்கள் முடிச்சை அவிழ்த்துவிட்டேன்.

வேண்டுதல் நிறைவேறுவதற்கு முன் முடிச்சை அவிழ்க்கக் கூடாது, கட்டியவர் கையைத் தவிர வேறு கை படக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? உடனே உங்கள் காசைத் திரும்பக் கட்டிவிடலாம் என்று பார்த்தேன். என் புத்தி, என்னுடைய முடிச்சையும் அதே ஆத்திரத்தில் பிரித்திருந்தேன். இரண்டு காசும் துணி நனைத்த மஞ்சள் தண்ணீர்க் கிண்ணத்தில் விழுந்து கிடந்தன. இரண்டும் ஒரு ரூபாய். இரண்டும் ஒரே மஞ்சள். எது உங்களுடையது, எது என்னுடையது என்று எவ்வளவு பார்த்தும் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் என் கையில் கலந்துபோன கணக்கு இது ஒன்றுதான்.

நேற்று சாயங்காலம் கேசவப் பெருமாள் சன்னிதியில் வெகுநேரம் நின்றேன். பட்டாச்சாரியாரிடம் கேட்க வாய் வரவில்லை. கேட்க வேண்டியது உங்களிடம்தான் என்று பட்டது. போனில் சொன்னால் அவர் காதில் விழும். வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் அனன்யா எடுத்துப் படிப்பாள். அதனால்தான் ஸ்பீட் போஸ்ட்.

அடுத்த வியாழன்தான் நவராத்திரி ஆரம்பம். கொலுப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கவா என்று பரத்வாஜ் கேட்டுக்கொண்டே இருக்கிறான். அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உங்கள் தம்பி இந்த நிமிஷம் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். ஒரே பக்கத்தை அரை மணியாகப் பிடித்திருக்கிறார். நான் பார்ப்பது தெரிந்தால் மட்டும் புரட்டுகிறார்.

செய்தி உங்கள் போனுக்குத்தான் வரும். அதை மாற்றச் சொல்லி இனி யாரிடமும் கேட்க மாட்டேன். அழ மாட்டேன் என்று உங்களுக்கு எழுத ஆசைதான், ஆனால் அழுவேன். அழுது முடித்துவிட்டு யோசிப்பேன். அதற்குக் கொஞ்சம் நேரம் வேண்டும் என்பதால், அவரிடம் சொல்வதற்கு முன் எனக்குச் சொல்லுங்கள்.

இரண்டு காசையும் ஒரே துணியில் வைத்திருக்கிறேன். முடிச்சு மட்டும் போடவில்லை. நீங்கள் மன்னித்து, நம் இரண்டு பேருக்குமாக நான் ஒரே முடிச்சாகக் கட்டலாமா? கட்டலாம் என்றால் அந்த ஒரு வார்த்தை போதும். இந்தச் சனிக்கிழமை மாவிளக்கு ஏற்றும்போது படத்துக்கு முன்னால் அந்தத் துணி திறந்துதான் இருக்கும். கடிதம் கைக்குக் கிடைத்ததும் உடனே பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்களை நமஸ்கரிக்கும்
கோமளம்