முயல் அல்ல, பாயல்

இன்று காலை பனச்சமூட்டுக்கு அப்பால் அந்தக் குளத்தைக் கடந்தேன். காற்று இல்லை. தண்ணீரின் மேல் பச்சைப் பெயிண்டைக் கொட்டியது போல ஒரு படலம். அழுகிய புல்லின் வாடை. உங்கள் நினைவு வந்தது. வேறெங்கும் நீங்கள் என் நினைவுக்கு வருவதில்லை.

தங்கம்மாவின் இரண்டு பசுக்களில் ஒன்று இந்தத் தண்ணீரைக் குடித்துச் செத்த அன்று, சந்திப்பில் நின்று, நம் பத்திரிகையின் செய்தி ஆசிரியரான உங்களுக்குக் குரல்செய்தி அனுப்பினேன். நீலப்பச்சைப் பாசியை நம் பக்கத்தில் பாயல் என்போம். "குளத்தில் பாயல்" என்றேன். பின்னால் லாரி இரைந்தது. நீங்கள் அதைத் திரும்பப் போட்டுக் கேட்கவில்லை. என்னைக் கூப்பிடவும் இல்லை. மறுநாள் பத்திரிகையில், 'குளத்தில் முயல் செத்து அழுகியது. தண்ணீர் குடித்த பசு பலி.' செத்து அழுகியதை நீங்களே சேர்த்திருந்தீர்கள்.

ஊர் உங்களை நம்பியது. வலை வீசித் தேடினார்கள். முயல் அகப்படவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது தங்கம்மா மற்றப் பசுவுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுக் கரையேறிக்கொண்டிருந்தாள். "முயலு ஒண்ணும் இல்ல சாரே. தண்ணி நல்லதாக்கும்" என்றாள். மாலைக்குள் அதுவும் விழுந்தது.

திருத்தம் கேட்டு உங்கள் மேசை முன் நின்றேன். போட்டால் ஊரே சிரிக்கும் என்றீர்கள். "எலே மக்கா, முயலானா என்ன, பாயலானா என்ன? ரெண்டும் சீவன்தானே."

இரண்டும் ஒன்றல்ல. காட்டுமுயலுக்குக் கறுத்த பிடரி உண்டு. காலடி கேட்டால் புதரிலிருந்து பாய்ந்து ஓடும். செத்தால் நாறும், காதைப் பிடித்துத் தூக்கி எறியலாம். பாயலைத் தனித்தனியாகக் கண்ணால் பார்க்க முடியாது. உடலுக்குள் காற்றை அடைத்துக்கொண்டு மேலே மிதந்து வரும். வலையில் நிற்காது. சாகும்போதும் விஷத்தைத் தண்ணீரில் விட்டுவிட்டுத்தான் சாகும். அன்றும் இதைச் சொன்னேன். நீங்கள் எனக்குச் சாயா வரவழைத்தீர்கள்.

நீங்கள் இறந்ததும் இரங்கல் குறிப்பை என்னையே எழுதச் சொன்னார்கள். பெயர், ஊர், வயது எல்லாம் சரிபார்த்து எழுதினேன். கவனமானவர் என்ற சொல்லை மட்டும் எழுதவில்லை.

இன்று குளத்தருகே ஒருவர் ஆடுகளை ஓட்டி வந்தார். கையை நீட்டித் தடுத்தேன். "இதிலதான முயலு செத்துக் கெடந்தது? அது பழைய கதையாக்கும்" என்றார்.

முயல் இல்லை, பாயல் என்று தண்ணீரைக் காட்டினேன். ஆடுகளைத் திருப்பிக்கொண்டு போனார். நீங்கள் போடாத திருத்தத்தை நான் இன்னும் ஆள் ஆளாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.