எவ்வளவு வேகமாக ஏறுவது

அன்புள்ள லலிதாவுக்கு,

நான் நலம். நீயும் பிள்ளைகளும் நலமா? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? போனில் சொன்னால் அம்மா காதில் விழும் என்றுதான் இந்தக் கடிதம்.

இங்கே ஸ்காட்லாந்தில் எங்கள் கம்பெனி ஆட்கள், குழந்தைகள் மருத்துவமனைக்கு நிதி திரட்ட அடுத்த மாதம் மலை ஏறுகிறோம். விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்றார்கள். விருப்பமில்லாதவர்களின் பெயரையும் எழுதிக்கொண்டார்கள். வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் பார்த்து இந்தத் தருமசிந்தனை வந்ததுதான் எனக்கு உறுத்துகிறது.

போன சனிக்கிழமை முதல் பயிற்சி. எனக்குத் தெரிந்த மலை திருவந்திபுரம் கோயில் குன்றுதான். அந்தப் பழக்கத்தில் அடிவாரத்திலேயே ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டேன். கூட வேலை பார்க்கும் கடலூர்க்கார எழிலன் தலையில் அடித்துக்கொண்டான்.

"மச்சான், மேல சாமியும் இல்ல, சுண்டலும் இல்ல. மாட்டிக்கினு வாய்யா!"

மேனேஜர் சிரித்தார். பிறகு நோட்டில் ஏதோ எழுதினார். காலில் காயம் எதுவும் இல்லை, பயப்படாதே.

பருப்புப்பொடி தீர்ந்துவிட்டது. சின்னவள் எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று அளந்து எழுது.

எழிலனுக்கும் என் சந்தேகம்தான். முன்னால் ஏறுகிறவனுக்கு இன்னும் இரண்டு வருடம் இங்கே வேலை, பின்தங்குகிறவனுக்கு உடனே ஊருக்கு டிக்கெட் என்கிறான். வேன் வந்துவிட்டது, கிளம்புகிறேன். நான் எவ்வளவு வேகமாக ஏற வேண்டும் என்று நீ எழுது.

உன்,
சபேசன்