சிவப்பு மையில் திரும்பிய கடிதம்

பிப். 10, திங்கள்

காலையில் பனி. எட்டு மணி வரை சிறுமலை தெரியவில்லை. பனியா, கண்புரையா, சொல்ல முடியாது. புதனன்று இடது கண்ணுக்கு அறுவை.

எடுத்து வைக்க: ஆதார் நகல், சர்க்கரை மாத்திரை, பழைய துண்டு இரண்டு, செபமாலை.

சுகந்தியிடமிருந்து இன்றும் ஒன்றும் இல்லை. பத்தொன்பது நாள். மருமகள், தலைப்பிரசவத்துக்குப் பாலசமுத்திரத்தில் தாய்வீட்டில் இருக்கிறாள். இப்போதெல்லாம் யாரும் கடிதம் எழுதுவதில்லை என்று நான் எப்போதோ சொன்னதை நினைவில் வைத்து இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். பேசுவதுபோலவே, வரிக்கு வரி ‘ங்க’. சிவப்பு மையில் திருத்தித் தபாலில் திருப்பி அனுப்பினேன். அழகாகத்தான் திருத்தினேன்.

பிப். 11, செவ்வாய்

ஓசூரிலிருந்து மகன் பேசினான். ஆஸ்பத்திரிக்கு உடன் வர நாளை விடியற்காலை வந்துவிடுவான். சுகந்தி ஏன் பேசுவதில்லை என்று கேட்டேன்.

“அவ உங்ககிட்ட ஒண்ணு கேட்டிருந்தாளேம்மா. அதுக்குப் பதில் எங்க?”

நினைவிருக்கிறது. ‘பிரசவத்தப்ப நீங்க பக்கத்துல இருந்தா எனக்குத் தைரியமா இருக்குங்க அத்தை. வருவீங்களா?’ அதை, ‘தாங்கள் அருகில் இருப்பின் எனக்குத் துணிவாக இருக்கும். வருவீர்களா?’ என்று மாற்றினேன். பதில் எழுதவில்லை.

சிறுவயதில் நான் படித்த கான்வென்ட் விடுதியில், வீட்டுக்கு எழுதும் கடிதத்தை முதலில் சிஸ்டர் வாசிப்பார். அவர் திருத்தியதைப் புதுத்தாளில் எழுதிய பிறகுதான் உறைக்குள் போகும். யார் கடிதத்தில் சிவப்பு அதிகமோ அவள்மேல் சிஸ்டருக்கு அக்கறை அதிகம் என்று நம்பினோம். எழுபத்து மூன்று வயதிலும் நான் அதையே நம்பிக்கொண்டிருந்தேன் போலும்.

மாலை பதில் எழுத உட்கார்ந்தேன். மூன்று தாள் வீண். ‘உன் கடிதம் கிடைத்தது. மகிழ்ச்சி.’ தாலுகா ஆபீஸிலிருந்து வந்ததுபோல. ‘மன்னிப்பு’ என்று எழுதினேன். அடித்தேன்.

பிப். 20, வியாழன்

பெரிய எழுத்தில் எழுதுகிறேன். இன்றுதான் டாக்டர் அனுமதித்தார். சுவர்க் காலண்டர் தெரிகிறது. ஒட்டடையும் தெரிகிறது. வீட்டு வேலைக்கு வரும் பாக்கியத்திடம் சொல்ல வேண்டும்.

இத்தனை நாளும் எழுதவும் படிக்கவும் தடை. ஞாயிறன்று கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டே பாக்கியம்தான் சொன்னாள்: “எழுத முடியலைன்னா வாயால சொல்லுங்கம்மா. போன்ல இத அமுக்குனா அந்தப் புள்ளைக்குப் போயிருமுல்ல.”

அவளே பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடியிருந்தேன். எதிரில் தாள் இல்லை.

“சுகந்தி, நாந்தேன். கண்ணு ஆபரேசன் முடிஞ்சிருச்சு. ஒன் லெட்டர அப்பிடித் திருப்பி அனுப்பியிருக்கக் கூடாது. கேட்டதுக்குப் பதிலே சொல்லலை. வாரேன்மா. நீ என்னைக்குச் சொல்றியோ அன்னைக்கு வாரேன்.”

பாக்கியம் சிரித்தாள். “கையிதான் கான்வென்ட்டுக் கையி. வாயி நம்மூரு வாயிதேன்.” அதட்டத் தோன்றவில்லை.

அன்று பதில் இல்லை. திங்களும் இல்லை. சொன்னதும் தப்போ என்று போனைத் தலைமாட்டிலேயே வைத்திருந்தேன். செவ்வாய் காலை அவள் குரலிலேயே வந்தது:

“அத்தை, நீங்க பேசுனத நாலு தடவை கேட்டேனுங்க. எங்கம்மாவும் கேட்டாங்க. உங்களுக்கு இப்படிப் பேச வருமுங்களா? முதல்லயே பேசியிருக்கலாமுங்க.” மூக்கை உறிஞ்சும் சத்தம். “அடுத்த மாசம் பத்தாந்தேதிக்குள்ள வந்துருங்க. செவப்புப் பேனா மட்டும் வேண்டாமுங்க.”

இரண்டு முறை கேட்டேன். இல்லை, ஐந்து முறை. அன்று இரவு தூக்க மாத்திரை இல்லாமலே தூங்கினேன்.

பிப். 22, சனி

பனி போய்விட்டது. பதினோரு மணிக்கே வெயில் சுடுகிறது.

சுகந்தி போனில். அந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டச் சொன்னேன். முதலில் மாட்டேன் என்றாள், பிறகு வாசித்தாள். கால் வீங்குகிறது, மாமரம் பூத்திருக்கிறது, நாய் நாலு குட்டி போட்டிருக்கிறது. அவள் குரலில் கேட்டபோது, எந்த இடத்தில் சிவப்புப் பேனாவை வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. ‘வருவீங்களா’ என்ற இடத்தில் நிறுத்தினாள்.

பதில் சொன்னேன்.

பாலசமுத்திரத்துக்கு: சொட்டு மருந்து, கறுப்புக் கண்ணாடி. அவளுக்குச் சின்னாளப்பட்டிச் சேலை ஒன்று. மலைவாழைப்பழம் இரண்டு சீப்பு. என் வீட்டுக்காரருடைய பழைய வேட்டிகள். அவர் போன பிறகு ஆறு வருடம் பெட்டியில் கிடந்தது போதும், பிள்ளைக்குத் துணியாகட்டும்.

பேனா: நீலம் மட்டும்.