ருக்கு அத்தையிடம் சொல்லிவிட்டேன்

பத்துபஸ்தி,
போர்ட் பிளேயர்.
பங்குனி 5

அன்பு மகள் ரூபாவுக்கு அம்மா எழுதுவது. உன் அப்பாவும் நானும் இருக்கிறோம், நீயும் பாப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன், நலமா என்று உன்னைக் கேட்கத்தான் எனக்கு நா எழவில்லை. மாப்பிள்ளை போய் இன்றோடு நாற்பத்து மூன்று நாள். நீ போனை எடுப்பதில்லை, அதற்கு உன்னைக் குறை சொல்ல மாட்டேன். எடுத்தாலும் நான் அழுதுவிடுவேன், நீ வைத்துவிடுவாய். கடிதம் என்றால் உனக்கு முடிகிற அன்று பிரித்துக்கொள்ளலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

அப்பாவுக்கு சர்க்கரை ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது, மாத்திரையை நான் கையில் கொடுத்தால்தான் போடுகிறார், யாரோடும் பேச்சு இல்லை. நேற்று இங்கே பகல் முழுக்க கரண்ட் இல்லை, புழுக்கம் தாங்காமல் தெருவே வெளியில் நின்றது, பக்கத்து வீட்டு பெங்காலி அம்மா லைன்மேனைப் பார்த்து பிஜ்லி கப் ஆயேகி, கரண்ட் எப்போது வரும் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். நான் மட்டும் உள்ளே போய் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துபோட்டேன். சாயங்காலம் கொசு வருகிறது என்று அப்பா சொன்னார், நான் மூட விடவில்லை. இப்போதெல்லாம் மூடிய கதவைக் கண்டால் எனக்கு மூச்சு முட்டுகிறது ரூபா.

அன்றைக்கு இங்கே காலை ஒன்பதரை மணி, உங்களுக்கு அங்கே ராத்திரி, நீ கூப்பிட்டதை நான் ஒரு சொல் விடாமல் நினைவு வைத்திருக்கிறேன். உங்கள் ஊரில் இப்படிப் பனி பெய்ததே இல்லை என்றும், கரண்ட் போய் இரண்டு நாள் ஆகிறது, ஹீட்டர் ஓடவில்லை, குழாயில் தண்ணீர் உறைந்துவிட்டது, ரோடு எல்லாம் கண்ணாடி மாதிரி வழுக்குகிறது, எங்கேயும் போக முடியவில்லை என்றும் சொன்னாய். பாப்பாவோட காலு ஐஸ் மாதிரி இருக்கும்மா என்று நீ அழுதாய். அடுப்புக் கரி இருக்கா என்று நான்தான் கேட்டேன். இறைச்சி சுட வாங்கின மூட்டை பால்கனியில் இருக்கிறது என்றாய். ஒரு சட்டியில மூட்டி ரூமுக்குள்ள வச்சுக்க, கதவு ஜன்னல இறுக்கி மூடு, கீழ் இடுக்குல துணிய அடை, சூடு வெளிய போவக்கூடாது என்று சொன்னது நான்தான். சிலோன் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் கூலிக்காரர் லயத்து வீட்டில் இருந்தபோது மார்கழிக் குளிருக்கு என் அம்மா அப்படித்தான் செய்வார். அங்கிருந்து இந்தக் கச்சால் தீவுக்குக் கப்பல் ஏறும்போது எனக்கு ஏழு வயது, அந்தக் கணகணப்பு மட்டும்தான் நினைவில் இருந்தது. எங்கள் லயத்துத் தகரத்தில் ஓட்டை, பலகைக் கதவில் விரல் நுழையும் சந்து, காற்று உள்ளே வந்து வந்து போனதால்தான் நாங்கள் எல்லோரும் காலையில் எழுந்தோம் என்பது இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. கரியில் வாசனையே இல்லாத ஒரு விஷக்காற்று வரும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை, நான் யாரிடமும் கேட்டதும் இல்லை.

விடியப்போகும் நேரத்தில் பாப்பா அழுது அடங்காமல், உனக்கும் தலை சுற்றி, அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே நின்ற காருக்குப் போனாயாம். இரண்டு பேராவது எனக்கு மிஞ்சினீர்கள். திரும்பி வந்து எழுப்பினால் மாப்பிள்ளை எழவில்லை. போனில், நீ சொன்னதத்தாம்மா செஞ்சோம் என்று ஒரே ஒரு தடவை சொன்னாய், பிறகு என்னோடு பேசவில்லை. தகனத்தை இங்கே மின்னி பேயில் ருக்கு அத்தை வீட்டில் உட்கார்ந்து போனில்தான் பார்த்தோம். அவர் பெற்ற பிள்ளை எரிவதைப் பார்க்க முடியாமல் என் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார், அந்தக் கையை நான் இழுத்துக்கொள்ளவில்லை.

பதினாறாம் நாள் காரியத்தில் அத்தை சொந்தக்காரர்கள் நடுவில், படிச்ச புள்ளதானே, வீட்டுக்குள்ள கரிய மூட்டலாமான்னு தெரியாதா, எம் மகன அவகிட்ட குடுத்து கொன்னுட்டேனே என்று உன்னைச் சொன்னார். அவர் முன்பே போனில் கேட்டபோது, நான்தான் அத்தை மூட்டினேன் என்று மட்டும் நீ சொல்லியிருக்கிறாய், என் பெயரை எடுக்கவே இல்லை. நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன், வாயைத் திறக்கவில்லை. உன் மேல் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டே அவர் வீட்டு இலையில் சாப்பிட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னால், சொல்லி என்ன ஆவப்போவுது தங்கம்மா, போன உசுரா திரும்பி வரும், ரூபா தாங்கிக்குவா என்றார். நீ தாங்கிக்கொள்வாய், எனக்குத் தெரியும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போன திங்கட்கிழமை காலை தனியாகப் பஸ் ஏறி மின்னி பே போனேன். அத்தை முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார், வாங்க சம்பந்தி என்றார். உட்காராமலே சொல்லிவிட்டேன், ரூபாவுக்கு ஒண்ணும் தெரியாது சம்பந்தி, கரிய மூட்டச் சொன்னது நானு, கதவ அடைக்கச் சொன்னதும் நானு என்று. முறம் நின்றது. பிறகு, அன்னைக்கு உங்க கையயா புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன் என்றார். ஆமாம் என்றேன். எந்திரிச்சு நிக்க எனக்குத் தெம்பில்ல, நீங்களே போயிருங்க, இனிமே இந்த வாசல மிதிக்காதீங்க என்றார். நான் செருப்பை மாட்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது, அந்தப் புள்ளய எனக்குப் போன் பண்ணச் சொல்லுங்க, எம் பேத்திய நான் பாக்கணும், அவளத் திட்டின வாயால அவகிட்ட ரெண்டு வார்த்தை பேசணும் என்று.

வழியெல்லாம் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தேன், அழுகைகூட வரவில்லை. அவர் என்னை மன்னிக்கப்போவதில்லை, நீயும் மன்னிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை, கேட்டால் அதையும் உன் தலையில் ஏற்றுவதாகிவிடும். இனி உனக்கு எந்தப் புத்தியும் சொல்ல எனக்கு வாய் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு என்று எழுதக்கூடப் பயமாக இருக்கிறது.

பாப்பா நீண்ட ஆயுளோடு வளரட்டும், உன் நெற்றியில் இனி ஒரு சூடும் படாமல் முருகன் காக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இங்கே காலை ஏழு மணிக்கு ருக்கு அத்தை போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், உனக்கு அங்கே ராத்திரி எட்டரை, பாப்பா தூங்குவதற்கு முன்னால் கூப்பிடு. எனக்கு வேண்டாம், அவரைக் கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மா
தங்கம்மா