இருபத்தெட்டு பவுண்டு

மெட்ராசிலிருந்து இன்று காலை ஒரு கார் வந்து நின்றது. கார்புரேட்டர் இல்லாத, பம்பு தரும் அழுத்தத்தில் பெட்ரோலை இன்ஜினுக்குள் பீய்ச்சுகிற ரகம். ஆறு வருஷத்துக்கு அப்புறம் அப்படி ஒன்று நாம் கூட்டாகப் போட்ட பட்டறைக்கு வருகிறது. இன்ஜின் மூடியைத் திறந்ததும் பெட்ரோல் வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. அலமாரியிலிருந்து அழுத்தம் பார்க்கும் பிரஷர் கேஜை எடுத்து, பழக்கத்தில், "இந்தா பிடிபா" என்று பக்கத்தில் நீட்டிவிட்டேன். அங்கே யாரும் இல்லை.

முதலில் வந்த அந்த ஜெர்மன் காரை நீ மறந்திருக்க மாட்டாய். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த டாக்டர் கப்பலில் கொண்டுவந்தது. கறுப்பாகப் புகை கக்கியது. யாரோ சத்தத்தை வைத்தே அழுத்தத் திருகை முடுக்கிவிட்டிருந்தார்கள். நானும் காதைக் கொடுத்துக்கொண்டு திருகப் போனேன். நீ என் கையைத் தட்டிவிட்டாய்.

"காதுக்கு முப்பதும் நாப்பதும் ஒண்ணுதான்பா. கேஜ் மாட்டி முள்ளைப் பாக்கணும்."

காரோடு வந்த புத்தகத்தை இரண்டு நாள் எழுத்துக்கூட்டிப் படித்து, இருக்க வேண்டிய அழுத்தம் இருபத்தெட்டு பவுண்டு என்று சுவரில் சாக்கட்டியால் எழுதினாய். மெட்ராஸ் போய் புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் அலைந்து கேஜ் வாங்கிவந்தாய். பெட்ரோல் குழாயைக் கழற்றி நடுவில் கேஜை மாட்டி இன்ஜினை ஓடவிட்டோம். முள் முப்பத்தாறில் நின்றது. திருகை அசையாமல் பிடிக்கும் லாக் நட்டைத் தளர்த்தி, திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினாய். நான் முள்ளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். இருபத்தெட்டுக்கு வந்ததும் நட்டை இறுக்கினாய். இறுக்கும்போதே ஒரு பவுண்டு ஏறியது. மறுபடி தளர்த்தி, மறுபடி வைத்தாய். புகை நின்றது. இரண்டு பேரும் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றோம். நாம் சேர்ந்து சந்தோஷமாக இருந்தது அதுதான் கடைசி.

கேஜை எடுத்துவிட்டுக் குழாயை மாட்டி, இரண்டு முனையிலும் கிளாம்ப் போட்டு இறுக்குவது என் வேலை. கை கழுவப் போகும்போது நீ கேட்டாய்.

"ரெண்டு கிளாம்பையும் முடுக்கி, ஓடவுட்டு, ஒழுகுதான்னு பாத்தியா?"

"பாத்துட்டேம்பா."

பார்க்கவில்லை. முசரவாக்கத்தில் ஒரு நோயாளியைப் பார்க்க வேண்டுமென்று டாக்டர் அவசரப்படுத்தினார். சாவியைக் கொடுத்துவிட்டேன். அவர் மனைவியும் கைக்குழந்தையோடு பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

கார் போனபிறகு, கருவிகளைப் பரப்பியிருந்த சாக்கைச் சுருட்டப் போன நீ, அதன்மேல் கிடந்த ஒரு கிளாம்பைக் கையில் எடுத்தாய். என்னைப் பார்த்தாய். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாய். பக்கத்துக் கடைக்காரர் சைக்கிளில் நானும் பின்னாலேயே மிதித்தேன். உச்சி வெயில். வழியெல்லாம் உன் முதுகுதான் எனக்குத் தெரிந்தது.

நோயாளி வீட்டு வாசலில் கார் நின்றது. அதன் அடியில் மண் நனைந்திருந்தது. டாக்டர் திரும்பி வந்து உட்கார்ந்து சாவியைச் செருகிக்கொண்டிருந்தார். நீ சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினாய்.

"ஸ்டார்ட் பண்ணாதீங்க சார். அம்மா, கொயந்தைய தூக்கிக்கினு எறங்குங்க."

மூடியைத் திறந்தால், கொதிக்கிற இன்ஜின் மேலெல்லாம் பெட்ரோல். டாக்டர் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார்.

"யார் செஞ்ச வேலை இது?"

நான் அப்போதுதான் வந்து இறங்கினேன். வாயைத் திறந்திருக்கலாம்.

"நான்தான் சார். கிளாம்ப் போட மறந்துட்டேன்," என்றாய்.

திரும்பி வரும்போது ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "உன் மூஞ்சி அப்ப இருந்த இருப்பு... வுடுபா," என்றாய்.

ஊரில் கார் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அத்தனை பேர் காதுக்கும் விஷயம் போனது. அந்த ஆள் கைவைக்காமல் இருந்தால் வண்டி விடுகிறோம் என்று என்னிடமே வந்து சொன்னார்கள். அப்போதும் நான் சொல்லவில்லை. நீயே புரிந்துகொண்டு மாகறல் நெல் மில்லுக்கு இன்ஜின் ஓட்டப் போனாய். பஸ்ஸில் பார்த்தால் சிரிப்பாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

போன தை மாதம் நீ போய்விட்டாய். காரியம் முடிந்தபிறகு உன் மனைவியிடம் தனியாகச் சொன்னேன்.

"அன்னிக்கு கிளாம்ப் போடாதது நான்தாம்மா."

"எங்கிட்ட கூட தன் தப்புன்னுதாண்ணே சொல்லிக்கினு இருந்தாரு," என்றாள்.

மறுநாள் டாக்டரிடம் போனேன். நடந்தது அத்தனையும் சொன்னேன், பார்த்துவிட்டதாக உன்னிடம் பொய் சொன்னது உட்பட. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் தோளில் கைவைத்தார்.

"போனவர் பேரைக் காப்பாத்தணும்னு நினைக்கிறீங்க. உங்களுக்குப் பெரிய மனசு."

இல்லை என்றேன். சத்தியம் செய்தேன். அவர் சிரித்துக்கொண்டே வாசல்வரை வந்து வழியனுப்பினார். இப்போது ஊரிலும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். உன் பிழைப்பை எடுத்துக்கொண்டது போதாதென்று இந்த நல்ல பெயரும் என்னிடமே வந்து சேர்ந்துவிட்டது. எங்கே கொண்டுபோய் இறக்கிவைப்பது என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருக்கிறேன்.